தனிநபர் பறக்கும் வாகனங்கள்: உருவாக்குவதில் உள்ள சிக்கல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரோ இருவரோ ஏறிப் பறக்கும் சிறு வாகனங்களைப் பற்றிப் படிப்பவர்களும், வடிவமைக்க இறங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே உதாரண வண்டியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மொத்த எடை 400 கிலோ, 1.5 மீட்டர் விட்டமுள்ள 8 புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்மோட்டார். எடையில் ஆள் 90 கிலோ, பேட்டரி 100, மோட்டார்–கன்ட்ரோலர் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி)–புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்து 80, சட்டகம் 90, பாராசூட், இருக்கை, கம்பிகள், கருவிகள் 40.

ஆளைத் தூக்கிப் பறக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே. பிறகு என்ன சிக்கல்?

இருக்கின்றன. 1961 ஏப்ரலிலேயே பெல் நிறுவனத்தின் ராக்கெட் பெல்ட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஹரால்ட் கிரஹாம் பறந்தார். ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்கிய அந்தக் கருவி அதிகபட்சம் சுமார் 21 விநாடிதான் தாங்கும். 2019 ஆகஸ்டில் ஃபிராங்கி ஜபாட்டா சிறு ஜெட் எஞ்சின்கள் பொருத்திய பலகையில் நின்றபடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். நடுவில் படகில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் ஜெட்சன் ஒன் என்ற ஒற்றை ஆள் மின்வண்டிக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் பறக்கும் நேரம் சுமார் 20 நிமிடம்.

தரையிலிருந்து ஆளைத் தூக்குவது தீர்ந்துபோன சிக்கல். உபயோகமான தூரம் போகும் அளவுக்குப் பறப்பதும், தாழ்வான உயரத்தில் ஏதோ ஒரு பாகம் செயலிழந்தாலும் உள்ளே இருப்பவர் உயிரோடு இறங்குவதும்தான் இன்னும் கடினமாக இருக்கின்றன. இரண்டாவது, முதலாவதைவிடக் கடினம்.

அந்தரத்தில் நிற்க எவ்வளவு சக்தி வேண்டும்?

காற்றைக் கீழே தள்ளினால்தான் வண்டி மேலே நிற்கும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் குறைந்த சக்தி போதும். கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினால் சக்தி எகிறும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது புரொப்பெல்லர்கள் சுழலும் வட்டங்களின் மொத்தப் பரப்பு.

நம் வண்டியில் அது சுமார் 14 சதுர மீட்டர். எடை 3,924 நியூட்டன். இதை இருமடங்கு காற்றடர்த்தியாலும் (கடல்மட்டத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ) பரப்பாலும் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், வட்டத்தின் ஊடாகக் காற்று போகும் வேகம் விநாடிக்கு 10.6 மீட்டர் என்று வரும். எடையை அதனால் பெருக்கினால் சுமார் 42 கிலோவாட். இது ஏட்டுக் கணக்கு. புரொப்பெல்லரின் திறமை 70 சதவீதம், மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து 90 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 66 கிலோவாட் எடுக்க வேண்டும்.

வண்டி கையடக்கமாக இருக்கட்டும் என்று புரொப்பெல்லர் விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்பங்காகும், சக்தி இரட்டிப்பாகி 132 கிலோவாட் ஆகும். அழகான சிறு விசிறிகளை உடலுக்குள் ஒளித்து வரைந்த படங்கள் பல, வரைபலகையை விட்டு நகராததற்கு இதுவே முதல் காரணம்.

வெப்பமும் உயரமும் இதோடு சேரும். 1,000 மீட்டர் உயரத்தில், 35 பாகை செல்சியஸில் காற்றடர்த்தி 1.02 அளவுக்குக் குறைந்துவிடும். அதே எடைக்கு 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவைப்படும். கடல்மட்டத்தில் இழுத்துப்பிடித்துச் சமாளித்த வடிவம் அங்கே எழும்பவே எழும்பாது.

பேட்டரியைக் கூட்டினால் நேரமும் கூடுமே?

கூடும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது. பெட்டி, குளிரூட்டி, கம்பி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் லித்தியம் அயன் பேட்டரியில் கிலோவுக்கு சுமார் 180 வாட்-மணி கிடைக்கும். தனிச் செல்லுக்குச் சொல்லப்படும் 250ஐ வைத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 100 கிலோவுக்கு 18 கிலோவாட்-மணி; அதில் முக்கால் பங்கைத்தான் நம்பிச் செலவழிக்கலாம், அதாவது 13.5. அந்தரத்தில் நிற்கும் நேரம் 12 நிமிடம்.

பேட்டரியை 200 கிலோ ஆக்குங்கள். வண்டி 500 கிலோ ஆகிவிடும். சக்தி எடையின் ஒன்றரை அடுக்காக ஏறுவதால் தேவை 92 கிலோவாட்; நேரம் 24 நிமிடம் வராது, 17½தான் வரும். 600 கிலோ பேட்டரி போட்டால் சுமார் 22 நிமிடம். அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் நேரம் குறையத்தான் செய்யும். இந்த உச்சவரம்பு, கூடுதல் எடையைத் தாங்கச் சட்டகமும் மோட்டாரும் கனக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் இன்னும் சீக்கிரமே முட்டும்.

அந்த 12 நிமிடமும் பயணத்துக்குக் கிடைக்காது. இறங்கும் இடத்தில் தடை இருந்தால் வேறு இடம் தேட 5 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். மிச்சம் 7.

பெட்ரோலிலேயே ஓட்டினால் என்ன?

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி இருக்கிறது. எஞ்சின் அதில் கால்பங்கைத்தான் சுழற்சியாக மாற்றும் என்றாலும், பேட்டரியைப் போல 15, 20 மடங்கு. ஆனால் எட்டுப் புரொப்பெல்லர்களைத் தனித்தனியாக, விநாடிக்குப் பலமுறை வேகம் மாற்றி வண்டியைச் சமநிலையில் வைக்க பெட்ரோல் எஞ்சினால் முடியாது. எஞ்சின் அவ்வளவு சட்டென்று பதில் சொல்லாது. ஒற்றை எஞ்சினும், இதழ்களின் சாய்வுக்கோணத்தை மாற்றும் பெரிய ரோட்டரும் என்று போனால் அது ஹெலிகாப்டர்தான். எஞ்சினால் ஜெனரேட்டரை ஓட்டி மோட்டாருக்கு மின்சாரம் தரலாம். நீண்ட நேரப் பறப்புக்கு இது நியாயமான வழி என்பது எங்கள் கருத்து. ஆனால் எஞ்சின் நின்றால் இறங்கும் வரை தாங்கும் ஒரு பேட்டரி அப்போதும் வேண்டும்.

ட்ரோனைப் பெரிதாக்கினால் போதாதா?

போதாது. எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் வட்டப் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு. ஒவ்வொரு சதுர மீட்டரும் இரண்டு மடங்கு சுமக்கும். கிலோவுக்கான சக்தி 1.4 மடங்காகும்.

இதைவிடத் தொல்லையானது சுழல் நிலைமம், அதாவது சுழலும் வேகத்தை மாற்றவிடாமல் எதிர்க்கும் தன்மை. அது அளவின் ஐந்தாம் அடுக்கில் ஏறும்: விட்டம் இரட்டித்தால் 32 மடங்கு. பொம்மை ட்ரோனின் புரொப்பெல்லர் நொடியில் வேகம் மாற்றும்; 1.5 மீட்டர் இதழ் அப்படி மாறாது. காற்று ஒரு பக்கம் தூக்கி அடிக்கும்போது கட்டுப்பாட்டுக் கணினி கேட்ட உந்துவிசை தாமதமாக வந்தால், வண்டி திருத்தத்தைத் தாண்டிப்போய் மறுபக்கம் ஆடத் தொடங்கும். கனமில்லாத கார்பன் நார் இதழ், முறுக்குவிசை மிச்சமுள்ள மோட்டார் இரண்டும் வேண்டும். இன்னும் பெரிதானால் இதழ்க்கோணத்தை மாற்றும் அமைப்புக்குப் போவதே நல்லது.

ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும்?

மோட்டாரைத் தாங்கும் கை நாலு, மோட்டார் நாலு என்றால் வண்டி கவிழும். ஆளை ஏற்ற அந்த அமைப்பை எடுக்கவே கூடாது.

எட்டு இருந்தால் பிழைக்கலாம், ஆனால் சும்மா பிழைக்காது. ஒன்று நின்றதும் நேர் எதிரில் இருப்பதையும் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாய்வு சரியாகும். ஆனால் வட்டமாக அடுக்கிய எட்டில் ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சுழலும். எதிரெதிரே இருக்கும் இரண்டும் ஒரே திசையில் சுழல்பவை. இரண்டும் போனால் அந்தத் திசைக்கு 2, மறுதிசைக்கு 4 என்று மிஞ்சும். வண்டி தன் அச்சிலேயே சுழலத் தொடங்கும். சாய்வையும் சுழற்சியையும் சேர்த்துச் சமாளிக்க, மிஞ்சிய ஏழையும் வெவ்வேறு அளவில் ஓட்ட வேண்டும். சில மோட்டார்கள் வழக்கத்தைவிட 1.4 மடங்கு உந்துவிசை தர வேண்டிவரும். சக்தியில் அது 1.65 மடங்கு. 8.25 கிலோவாட்டில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் 13.6 கிலோவாட்டில், இறங்கி முடிக்கும் வரை, சுருள் கருகாமல் ஓட வேண்டும். காற்றடியைச் சமாளிக்க மேலும் கொஞ்சம் இருப்பு வேண்டும். மொத்த உந்துவிசை எடையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கைக்கு இரண்டு மோட்டார் என்று மேலும் கீழுமாகப் பொருத்தினால் இடம் மிச்சம், ஆனால் மேல் புரொப்பெல்லர் கலக்கிவிட்ட காற்றில் கீழ் புரொப்பெல்லர் ஓடுவதால் சக்தி கூடுதலாகச் செலவாகும்.

மோட்டார் தனியாகக் கெடுவது அரிது என்பதையும் மறக்கக் கூடாது. தூரிகையில்லா மோட்டாரில் தேயும் பாகம் தாங்கி (பேரிங்) மட்டும்தான். கெடுவது கன்ட்ரோலரும் இணைப்பிகளும். எட்டு மோட்டாருக்கும் ஒரே பேட்டரி, ஒரே மென்பொருள், ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த இணைப்பி என்றால் எட்டும் எண்ணிக்கைக்குத்தான் எட்டு. ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டு தனிச் சுருள், தனிக் கன்ட்ரோலர், வெவ்வேறு பேட்டரி என்று பிரிப்பது கனமான தீர்வு என்றாலும் நல்ல தீர்வு. ஒரு பேட்டரி போனாலும் எல்லா மோட்டாரும் பாதிச் சக்தியிலாவது சுழலும். சாய்வை அளக்கும் உணரிகள் குறைந்தது மூன்று வேண்டும்: இரண்டு இருந்து முரண்பட்டால் எது பொய் சொல்கிறது என்று கணினிக்குத் தெரியாது.

பாராசூட் காப்பாற்றாதா?

உயரத்தில் காப்பாற்றும். சிறு ராக்கெட்டால் இழுத்து விரிக்கும் முழு விமானப் பாராசூட்டுகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. சிரஸ் நிறுவனத்தின் சிறு விமானங்களில் அது அடிப்படைப் பொருத்தம். அவற்றில்கூட நேர்ப்பறப்பிலிருந்து விரிந்து நிலைபெற 400 முதல் 600 அடி இழப்பு உண்டு என்று கொள்ளப்படுகிறது. அந்த விமானம் முன்னோக்கிப் பறந்துகொண்டிருப்பதால் துணிக்குள் காற்று சட்டென்று நிரம்பும். அந்தரத்தில் நிற்கும் வண்டிக்கு அந்த வசதி இல்லை.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 1.4 விநாடியில் தரை. மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். எந்தப் பாராசூட்டும் அதற்குள் விரியாது. 3 மீட்டருக்குக் கீழே வண்டியின் நசுங்கும் கால்களும் அதிர்ச்சி உறிஞ்சும் இருக்கையும் காப்பாற்றும். பாராசூட் வேலை செய்யும் உயரத்துக்கு மேலே பாராசூட் காப்பாற்றும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் இந்தத் துறையின் உண்மையான பள்ளம். ஹெலிகாப்டர் எஞ்சின் நின்றால் கனத்த ரோட்டரின் சுழற்சியை வைத்தே இறங்க முடியும்; கோணம் மாறாத சிறு புரொப்பெல்லர்களில் அது நடக்காது. ஆகவே எழும்போதும் இறங்கும்போதும் இடைவெளியைச் சீக்கிரம் கடக்க வேண்டும், அதற்குள் ஒற்றைக் கோளாறு எதுவும் வண்டியை வீழ்த்தாதபடி வடிவமைக்க வேண்டும்.

சீக்கிரம் கடக்க வேண்டுமென்றால் வேகமாக இறங்கலாமா?

நேர்கீழாக இறங்கக் கூடாது. தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே வண்டி இறங்கினால் காற்று வளையமாகச் சுழன்று மேலிருந்து திரும்ப உள்ளே வரும். மோட்டார் முழுச் சக்தியில் ஓடும், உந்துவிசை வராது. சுழல்வளைய நிலை என்று பெயர். இது காற்று போகும் வேகத்தின் முக்கால் பங்கை ஒட்டித் தலைகாட்டும். நம் வண்டிக்கு விநாடிக்கு 8 மீட்டருக்குப் பக்கம். கட்டுப்பாட்டு மென்பொருளில் நேர் இறக்கத்தை 2, 3 மீட்டருக்குள் பூட்டிவிட்டு, வேகமாக இறங்க வேண்டுமென்றால் முன்னோக்கி நகர்ந்தபடி சரிவாக இறங்கும்படி அமைக்க வேண்டும்.

பேட்டரியில் கால்பங்கை ஏன் தொடக் கூடாது?

இறங்கும் நேரத்தில்தான் பேட்டரி பலவீனமாக இருக்கும், அப்போதுதான் முழுச் சக்தியும் வேண்டும். 96 செல்களைத் தொடராக இணைத்தால் முழு ஏற்றத்தில் 403 வோல்ட், செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியதும் 317. அதே 66 கிலோவாட்டுக்கு 164 ஆம்பியர் போய் 208 ஆம்பியர் ஓடும். கூடுதல் மின்னோட்டம் வோல்ட்டை இன்னும் இறக்கும், அது மின்னோட்டத்தை இன்னும் ஏற்றும். குளிரிலும், பழைய செல்லிலும் உள்மின்தடை கூடியிருப்பதால் இந்தச் சரிவு 30 சதவீதம் மிச்சம் காட்டும்போதே வந்துவிடலாம். சதவீதக் காட்டியை மட்டும் நம்பாமல், மிகத் தாழ்ந்த செல்லின் வோல்ட்டை ஓட்டுபவருக்குக் காட்ட வேண்டும்.

தீ விஷயத்தில் ஒரு செல் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று வடிவமைக்க முடியாது. ஒன்று பற்றினால் பக்கத்துச் செல் பற்றாமல் தடுப்பதுதான் வேலை: செல்களுக்கு நடுவே மைக்கா அல்லது ஏரோஜெல் தடுப்பு, சூடான வாயு ஆளுக்கும் கம்பிகளுக்கும் எதிர்ப்பக்கம் வெளியேறத் தனிக் குழாய். இந்த எடையும் பேட்டரிக் கணக்கில்தான் சேரும்.

இறக்கை வைத்தால் தூரம் கூடுமா?

நன்றாகவே கூடும். மணிக்கு 108 கிலோமீட்டரில், தூக்குவிசை இழுவையைப் போல 10 மடங்கு உள்ள இறக்கையோடு பறந்தால் நம் 400 கிலோவுக்கு சுமார் 16 கிலோவாட் போதும், அந்தரத்தில் நிற்பதில் கால்பங்கு. ஆனால் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்திலேயே இறக்கை எடையைத் தாங்க வேண்டுமென்றால் அது 11 சதுர மீட்டர் இருக்க வேண்டும். எடை, நிறுத்த இடம், பக்கக்காற்றில் தள்ளாட்டம் எல்லாம் கூடவே வரும். புரொப்பெல்லரிடமிருந்து இறக்கைக்கு எடை கைமாறும் அந்தச் சில விநாடிகள்தான் இவ்வகை வண்டியில் அதிகச் சோதனையைத் தின்னும்.

சத்தம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை?

தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல்தான் குறையும். வீடுகளுக்குப் பக்கத்திலிருந்து எழ வேண்டிய வண்டிக்கு அது உதவாது. சத்தத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதழ்நுனி வேகம். 1.5 மீட்டர் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் நுனி விநாடிக்கு 157 மீட்டர் போகும். ஹெலிகாப்டர்களில் 200க்கு மேல். இதழ்களைக் கூட்டி, அகலமாக்கி, சுற்றைக் குறைப்பதே வழி. செங்குத்தாக எழும் ஜோபி மின்விமானத்தை நாசாவோடு சேர்ந்து அளந்தபோது 500 மீட்டர் உயரத்தில் கடந்து செல்கையில் 45 டெசிபல் அளவுக்குத்தான் பதிவானது. முடியும் என்பதற்கு அது சான்று. எழும்போதும் இறங்கும்போதும் வரும் ஒலி வேறு கணக்கு.

கீழே அடிக்கும் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வண்டிக்கு அடியில் அது விநாடிக்கு 21 மீட்டர், மணிக்கு 76 கிலோமீட்டர். சரளைக்கல்லும் பிளாஸ்டிக் பையும் பறந்து புரொப்பெல்லருக்கே திரும்பும்.

அதிர்வு?

2,000 சுற்று என்றால் நொடிக்கு 33 முறை. இரண்டு இதழ் என்றால் 67 முறை காற்றுத் துடிப்பு. மோட்டார் தாங்கும் கையின் இயல் அதிர்வெண் இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வந்தால் கை நடுங்கி, திருகுகள் தளர்ந்து, பிசின் இணைப்பு விரிசல் விடும். நடுக்கம் சாய்வு உணரிக்குள் புகுந்து கணினியையும் குழப்பும். சுற்று எப்போதும் ஒரே அளவில் இருக்காது என்பதால் எழுவது முதல் இறங்குவது வரையுள்ள முழு வீச்சையும் தவிர்க்க வேண்டும்.

சாலையிலும் ஓடி வானிலும் பறக்கும் கார் ஏன் புழக்கத்துக்கு வரவில்லை?

செய்ய முடியாததால் அல்ல. மோல்ட் டெய்லரின் ஏரோகார் 1949இல் பறந்தது, 1956இல் அமெரிக்கச் சான்றும் பெற்றது. ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் 2021 ஜூனில் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, 2022 ஜனவரியில் வான்தகுதிச் சான்று பெற்றது. ஆனால் மோதலைத் தாங்கும் சட்டகம், கதவு, பம்பர் என்று கார் கேட்பதெல்லாம் விமானத்துக்குச் சுமை. நிறுத்தும் இடத்தில் யாரோ இடித்த சிறு நசுங்கல்கூட இறக்கை மடியும் கீலைத் தொட்டிருந்தால் பறக்கும் முன் ஆய்வு வேண்டும். இணைப்புகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1973 விபத்து சாட்சி: ஃபோர்டு பின்டோ காரோடு செஸ்னா விமானத்தின் இறக்கையை இணைத்த மிசார் என்ற பறக்கும் கார், இறக்கைத் தாங்கி காரிலிருந்து விடுபட்டு விழுந்து இருவர் இறந்தனர்.

சான்று பெறுவது ஏன் இவ்வளவு காலம் இழுக்கிறது?

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019இல் செங்குத்தாக எழும் சிறு வண்டிகளுக்கு விதி வகுத்தது. நகரத்தின் மேலோ, காசு வாங்கிப் பயணிகளை ஏற்றியோ பறக்கும் வண்டியில் பேரழிவு தரும் கோளாறு 100 கோடி பறப்பு மணிக்கு ஒன்றுக்கு மேல் வரக் கூடாது. இதைப் பறந்து காட்டி நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு பாகமும் எப்படிக் கெடும், கெட்டால் எதை இழுத்துக்கொண்டு போகும் என்று தாளில் பிரித்துக் காட்ட வேண்டும். மென்பொருளின் ஒவ்வொரு கிளைக்கும் சோதனை காட்ட வேண்டும். அதுவரை பணம் தாங்க வேண்டும். இவ்வகை வண்டிகளை உருவாக்கிய லிலியம் நிறுவனம் 2024 அக்டோபரிலும், வோலோகாப்டர் நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரிலும் சான்றை எட்டும் முன்பே திவால் நடவடிக்கைக்குப் போயின. சீனாவின் ஈஹாங், ஓட்டுநரில்லாத இரண்டு இருக்கை வண்டிக்கு 2023 அக்டோபரில் தன் நாட்டு வகைச் சான்றை, அதாவது வடிவமைப்புக்கான ஒப்புதலை, பெற்றது.

அமெரிக்காவில் வேறொரு வாசல் உண்டு. பகுதி 103 விதிப்படி ஒற்றை ஆள், வெற்று எடை 115 கிலோவுக்குள், வேகம் மணிக்கு 102 கிலோமீட்டருக்குள் என்றால் வண்டிக்கு வான்தகுதிச் சான்றும் வேண்டாம், ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டாம். பகலில் மட்டும், மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு மேல் போகாமல் பறக்க வேண்டும். இன்றைய ஒற்றை ஆள் மின்வண்டிகள் பல இந்த வாசலை அளந்துதான் செய்யப்படுகின்றன. உரிமம் கேட்காததால் பயிற்சி தேவையில்லை என்று எடுத்துக்கொள்வது ஆபத்து: மின்கம்பியைக் கண்டு விலகும் வேலையை எந்த உறுதிப்படுத்தும் கணினியும் இன்னும் நம்பகமாகச் செய்வதில்லை.

சோதனையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் ஒற்றை மோட்டாரை மேடையில் பூட்டி, முழுப் பறப்பு நேரத்துக்கும் அந்தரச் சக்தியில் ஓட்டி, கடைசி 2 நிமிடம் 1.65 மடங்கில் ஓட்டிச் சுருளின் வெப்பத்தைப் பதிய வேண்டும். அடுத்து எட்டையும் சட்டகத்தோடு தரையில் கட்டி அதிர்வு, கம்பி வெப்பம், வோல்ட் சரிவு மூன்றையும் அளக்க வேண்டும். பிறகு இருக்கையில் 90 கிலோ மணல் மூட்டை. ஆள் இல்லை, கயிற்றுக் கட்டு, 1 மீட்டர் உயரம். மூட்டை நகராமல் கட்டியிருக்க வேண்டும், எடை மையம் ஆள் உட்காரும் உயரத்திலேயே அமைய வேண்டும்.

பலர் தவிர்க்கும் கட்டம் அடுத்து வருகிறது. மணல் மூட்டையோடு பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு மோட்டாரை நிறுத்துங்கள். எட்டையும் ஒவ்வொன்றாக, காற்று வீசும் நாளிலும், பேட்டரி 30 சதவீதத்தில் இருக்கும்போதும். ஒரு கன்ட்ரோலரைத் துண்டியுங்கள், ஓர் உணரிக்குப் பொய்யான அளவைக் கொடுங்கள், ஒரு பேட்டரித் தொகுதியைக் கழற்றுங்கள். இத்தனையிலும் வண்டி தானாக நிமிர்ந்து இறங்கும் வரை ஆளை ஏற்றக் கூடாது. ஏற்றிய பிறகும் பல மணி நேரம் 3 மீட்டருக்குக் கீழேயே வைத்திருங்கள். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் மோட்டார்த் திருகுகளில் போட்ட மைக்கோடு நகர்ந்திருக்கிறதா, இணைப்பிகளின் நிறம் கறுத்திருக்கிறதா என்று கையில் விளக்கோடு பாருங்கள்.